1.99 பவுண்டு ஸ்பெக்ட்ரம் கேசட்டைக் கணினிக் கோப்பாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்பெக்ட்ரம் என்பது 80களில் பிரிட்டனில் விற்ற ஒரு வீட்டுக் கணினி. அதன் கேம்கள் ஒலிநாடாக் கேசட்டில் வந்தன. மாஸ்டர்டிரானிக், ஃபயர்பேர்ட், கோட்மாஸ்டர்ஸ். 80களில் பிரிட்டனில் 1.99 பவுண்டுக்கு விற்ற ஸ்பெக்ட்ரம் ஆர்கேட் கேம்களின் கேசட்டில் பெரும்பாலும் இந்த வெளியீட்டாளர்களின் பெயர்களில் ஒன்று இருக்கும். பழைய பொருள் விற்கும் இடங்களில் இவை இன்னும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. வாங்குபவர்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் மென்பொருளைத் தேடுகிறார்கள். இரண்டு நாள் போராடிவிட்டு "டேப் போயிடுச்சு" என்று ஒதுக்கி வைக்கிறார்கள். அப்படி ஒதுக்கிய கேசட்டுகளைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் நாடா நன்றாகவே இருந்தது. ஓட்டிய கருவியில் நாடாவைப் படிக்கும் ஹெட்தான் சரியில்லை.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் ஆறு படிகளில் கணினிக்கு வேலையே குறைவு. அவற்றைச் சரியாகச் செய்தால் கடைசிப் படிகள் தாமாகவே எளிதாகிவிடும்.

இது 48கே (48 கிலோபைட் நினைவகம் கொண்ட) ஸ்பெக்ட்ரம் கேசட்டுகளுக்கான வழி. கமடோர் 64 என்ற இன்னொரு வீட்டுக் கணினியின் கேசட்டுக்கும் பதிவு வரையிலான படிகள் பொருந்தும். கோப்பாக மாற்றும் மென்பொருள் மட்டும் வேறு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நல்ல கேசட் டெக். ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துப் பாட்டுக் கேட்ட பழைய வீட்டு டெக் போதும். பின்பக்கம் லைன் அவுட் இருக்க வேண்டும். மோட்டார் சீரான வேகத்தில் ஓட வேண்டும்.

கையடக்கமான யுஎஸ்பி கேசட் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். நானும் அப்படி ஒன்றில்தான் தொடங்கினேன். பாட்டு ஓரளவு கேட்டது, ஒரு கேம் கூட ஏறவில்லை. பாட்டில் வேகம் லேசாக ஆடினால் காது மன்னித்துவிடும். இங்கே ஒவ்வொரு அலையின் நீளமும் ஒரு பிட். நீளம் மாறினால் தரவே மாறிவிடுகிறது.

லைன் இன் உள்ள ஒலி அட்டை ஒன்று. மடிக்கணினியில் இருக்கும் ஒற்றைத் துளை பெரும்பாலும் மைக்குக்கு மட்டும். அது மோனோ, அதோடு ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும். லைன் இன் கொண்ட சின்ன யுஎஸ்பி ஒலி அட்டை இந்த இரண்டு தொல்லையையும் தீர்க்கும்.

இவை தவிர ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, காந்தமில்லாத மெல்லிய நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், ஒரு பென்சில். மென்பொருளில் பதிவுக்கு ஆடாசிட்டி, மாற்றுவதற்கு டிஇசட்எக்ஸ் டூல்ஸ், ஓட்டிப் பார்க்க ஃபியூஸ் எமுலேட்டர் (கணினியில் ஸ்பெக்ட்ரத்தைப் போலவே நடிக்கும் நிரல்). மூன்றும் இலவசம்.

2. ஓட்டும் முன் கேசட்டைப் பாருங்கள்

கேசட்டைக் கையில் எடுத்து, ஜன்னல் வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து ஓட்டும் கேசட்டுக்கும் போய்ச் சேரும். அப்படிப்பட்டதைத் தனியே ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

அடுத்து, நாடா வெளியே தெரியும் பக்கத்தின் நடுவில் இருக்கும் சின்னப் பஞ்சைப் பாருங்கள். நாடாவை ஹெட்டின் மேல் அழுத்திப் பிடிப்பது அதுதான். பல கேசட்டுகளில் பசை காய்ந்து பஞ்சு உள்ளே விழுந்திருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் ஒலி மங்கி மங்கி வரும், நீங்கள் அசிமத்தில் (ஹெட் நிற்கும் கோணத்தில்) தவறு என்று நினைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். பஞ்சு விழுந்திருந்தால், ஐந்து ஸ்க்ரூ போட்ட வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றுவது நல்லது. அந்தக் கூட்டில் பஞ்சு உறுதியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

லேபிளையும் இப்போதே படியுங்கள். சில கேசட்டுகளில் ஒரு பக்கம் ஸ்பெக்ட்ரம், மறு பக்கம் ஆம்ஸ்ட்ராட் சிபிசி என்ற வேறொரு கணினிக்கான பதிவு. வேறு சிலவற்றில் இரு பக்கமும் ஒரே கேம். இரண்டாவது வகை என்றால் மகிழுங்கள், உங்கள் கையில் இருப்பது இரண்டு பிரதி. பத்தாவது படியில் அது உதவும்.

3. டெக்கைச் சுத்தம் செய்யுங்கள்

பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தொட்டு ஹெட்டின் முகத்தைத் துடையுங்கள். பழுப்பாக வரும். குச்சி வெள்ளையாகவே வரும் வரை புதுக் குச்சி மாற்றி மாற்றித் துடையுங்கள். நாடாவை இழுக்கும் இரும்புத் தண்டுக்கும் இதே வைத்தியம்.

ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அதிகம் போடாதீர்கள், ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஈரத்துணியும் ஒரு சொட்டு சோப்பும் போதும். அந்த உருளை வழுக்கினால் வேகம் ஆடும், அதனால் இதைத் தவிர்க்கவும் கூடாது.

ஒவ்வொரு ஐந்து கேசட்டுக்கும் ஒருமுறை ஹெட்டைத் துடைக்கிறேன். பழைய நாடா தூள் உதிர்க்கும். அழுக்கு ஹெட் முதலில் விழுங்குவது உயர் சுருதியைத்தான், நமக்குத் தேவையானதும் அதுதான்.

4. நாடாவை ஒருமுறை முழுக்கச் சுற்றுங்கள்

முப்பது வருடத்துக்கு மேல் அசையாமல் கிடந்த நாடா அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். நேரே ஓட்டினால் இழுவை சீராக இருக்காது. சில கேசட்டில் நாடா சிக்கிக் கசங்கியே போகும்.

முதலில் பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துக் கையால் சில சுற்று சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கேசட்டின் தட்டையான பக்கத்தை உள்ளங்கையில் மெதுவாக நாலு தட்டு தட்டுங்கள். அப்புறம் டெக்கில் போட்டுக் கடைசி வரை வேகமாகச் சுற்றி, மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுவாருங்கள்.

5. இணைப்பும் கணினி அமைப்பும்

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து ஒலி அட்டையின் லைன் இன்னுக்கு ஒரே ஒரு வயர். இடையில் ஆம்ப்ளிஃபயர் வேண்டாம்.

டெக்கில் டால்பி என்ற இரைச்சல் குறைப்பை அணையுங்கள். இந்தக் கேசட்டுகள் டால்பியில் பதியப்பட்டவை அல்ல. அதைப் போட்டு ஓட்டினால் உயர் சுருதி வெட்டுப்படும். நாடா வகையை நார்மலில் வையுங்கள்.

கணினியின் ஒலி அமைப்பில் "மேம்பாடு", "இரைச்சல் குறைப்பு", "தானியங்கி ஒலியளவு" என்று எது இருந்தாலும் அணையுங்கள். இரைச்சல் குறைப்பு என்பது பேச்சுக்காகச் செய்தது. இந்தத் தரவு ஒலி அதன் காதுக்கு இரைச்சலாகவே படும், உண்மையாகவே அதை அழிக்கப் பார்க்கும். செய்தி வந்தால் மணியடிக்கும் செயலிகளையும் மூடுங்கள்.

சார்ஜர் மாட்டியிருக்கும்போது மெல்லிய "ம்ம்ம்" ஓசை கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதியுங்கள்.

6. அசிமத்: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

ஹெட்டில் ஒரு மெல்லிய செங்குத்துப் பிளவு உண்டு. நாடா ஓடும் திசைக்கு அது சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். பதிவு செய்த இயந்திரத்தில் அந்தக் கோணம் லேசாகச் சாய்ந்திருந்தால், உங்கள் டெக்கிலும் அதே அளவு சாய்ந்தால்தான் ஒலி தெளிவாக வரும். இந்தக் கோணத்தைத்தான் அசிமத் என்கிறோம். மலிவுவிலைக் கேசட்டுகள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு இயந்திரங்களில் மொத்தமாகப் பிரதி எடுக்கப்பட்டவை. ஒரு கேசட்டுக்குச் சரியான கோணம் அடுத்ததற்குச் சரியாக இருக்கும் என்று சொல்லவே முடியாது. ஒரே கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் கூட மாறலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எண்களைப் பாருங்கள். ஸ்பெக்ட்ரத்தின் ரோம் (உள்ளேயே பதிந்திருக்கும் நிரல்) எழுதும் 0 பிட் ஏறக்குறைய 2,047 ஹெர்ட்ஸ் அலை. 1 பிட் அதில் பாதி, 1,023 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு பிளாக்குக்கும் (ஒரு தொகுதித் தரவுக்கும்) முன்னால் வரும் நீண்ட பைலட் ஒலி 807 ஹெர்ட்ஸ். கோணம் தப்பினால் முதலில் அடிபடுவது உயர் சுருதி. அதாவது பைலட் கணீரென்று வரும், 0 பிட்டுகள் நசுங்கிப்போகும். "ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் கோடு வருது, கேம் மட்டும் ஏறலை" என்று புதியவர்கள் சொல்வது இதனால்தான். பைலட்டை நம்பி ஹெட்டைச் சரிசெய்யாதீர்கள்.

இனி செய்முறை.

ஹெட்டின் இரு பக்கமும் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அடியில் ஸ்பிரிங் இருக்கும் ஸ்க்ரூதான் அசிமத்துக்கு. மற்றதைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் ஸ்க்ரூவின் தலையிலும் பக்கத்திலும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், பழைய இடத்துக்குத் திரும்ப அது வழி காட்டும். கதவின் முகப்பைக் கழற்றினால் பல டெக்குகளில் ஸ்க்ரூ கைக்கு எட்டும்.

கேசட்டை ஓட்டி, பைலட் முடிந்து கரகரவென்று தரவு வரும் இடத்துக்குப் போங்கள். இயர்ஃபோனில் கேட்டுக்கொண்டே ஸ்க்ரூவை மிக மெதுவாக, ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் போனால் ஒலி போர்வை போர்த்தியதுபோல் அமுங்கும். மறு பக்கம் வந்தால் கூர்மையாகும், கூர்மை உச்சத்துக்குப் போய் மறுபடி அமுங்கும். அந்த உச்சத்தில் நிறுத்துங்கள்.

காதால் கண்டுபிடித்த பிறகு கண்ணாலும் பாருங்கள். ஆடாசிட்டியில் ஐந்து நொடி ஸ்டீரியோவில் பதிந்து, தனித்தனி அலை தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். இந்தக் கேசட்டுகள் மோனோ, அதனால் இடதும் வலதும் ஒரே அலை. கோணம் சரி என்றால் இரண்டின் முகடுகளும் ஒரே கோட்டில் நிற்கும். ஒன்று முந்தி ஒன்று பிந்தி நின்றால் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

இந்த இரண்டின் வரிசையையும் மாற்றக் கூடாது. முதலில் காது, அப்புறம் கண். கண்ணை மட்டும் நம்பினால், ஒரு முழு அலை தள்ளிப்போய் முகடுகள் பொருந்தியதுபோல் தெரியும். கோணம் அப்போது படுமோசமாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு மாலை முழுவதும் தவறான உச்சத்தில் உட்கார்ந்திருந்தார்.

காந்தம் ஏறிய ஸ்க்ரூடிரைவரை ஹெட் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஹெட்டிலும் காந்தம் ஏறிவிடும். ஒரு குண்டூசியைத் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்று உறுதி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

7. ஒலியளவு

முகடுகள் மைனஸ் 6 டெசிபலில் இருந்து மைனஸ் 3 டெசிபலுக்குள் நின்றால் போதும். 0 டெசிபலைத் தொட்டால் முகடு வெட்டுப்படும்.

"சத்தம் கூட வைத்தால் நன்றாகப் படிக்கும்" என்பது உண்மையான ஸ்பெக்ட்ரத்தோடு பழகியவர்களின் பழக்கம். அதில் கேசட் ஒலி நுழையும் "இயர்" துளைக்கு வலுவான ஒலி தேவைப்பட்டது. கோப்பாகப் பதியும்போது அது தேவையில்லை. அலை எங்கே மேலிருந்து கீழே கடக்கிறது என்பதைத்தான் மென்பொருள் பார்க்கும், அதற்கு நடுத்தர ஒலியே போதும்.

8. பதிவு செய்யுங்கள்

44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. இந்த வேகத்தில் ஒரு 0 பிட்டின் முழு அலைக்கு இருபத்தொரு புள்ளிகளுக்கு மேல் கிடைக்கின்றன, 0 எது 1 எது என்று பிரிக்க அது தாராளம்.

மோனோவாகப் பதியாதீர்கள். இடதும் வலதும் இம்மி தள்ளி நின்றால், இரண்டையும் கூட்டும்போது உயர் சுருதி ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்டீரியோவில் வைத்திருந்தால், நாடாவின் ஒரு ஓரம் கசங்கியிருந்தாலும் மற்ற சேனல் கைகொடுக்கும்.

முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் பதியுங்கள். கேம் முடிந்ததுபோல் அமைதி வந்தாலும் நாடா நிற்கும் வரை ஓடட்டும். சில கேசட்டில் அமைதிக்கு அப்புறம் இன்னொரு பிளாக் இருக்கும், சிலவற்றில் அதே கேம் இரண்டாம் முறை பதிந்திருக்கும்.

பக்கத்தைத் திருப்பி மற்றதையும் பதியுங்கள். திருப்பியதும் அசிமத்தை மறுபடி பார்க்காமல் பதியக் கூடாது. பிறகு இரண்டு பக்கத்தையும் இன்னொரு முறை பதியுங்கள். நேரத்தை வீணாக்குவதுபோல் தோன்றும். ஏன் என்பதைப் பத்தாவது படியில் சொல்கிறேன்.

பத்து நிமிடப் பக்கம் வேவ் கோப்பில் சுமார் 100 எம்பி வரும். இடம் குறைவென்றால் ஃபிளாக்கில் சேமியுங்கள், ஒரு பிட் கூட இழக்காது. எம்பி3 வேண்டவே வேண்டாம். காதுக்குக் கேட்காது என்று அது எறிவதில் அலையின் வடிவமும் போய்விடுகிறது. மூலப் பதிவில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். திருத்தம் எல்லாம் அதன் நகலில்தான்.

9. கோப்பாக மாற்றும் முன் காதால் கேளுங்கள்

ஒரு சாதாரண ஸ்பெக்ட்ரம் கேசட் இப்படி ஒலிக்கும். ஐந்து நொடிக்கு நீண்ட "பீஈஈ". உடனே அரை நொடிகூட இல்லாத ஒரு சின்னக் கீறல். ஒரு நொடி அமைதி. மறுபடி இரண்டு நொடி "பீஈஈ". அப்புறம் நீளமான கரகரப்பு. அந்தச் சின்னக் கீறல்தான் தலைப்பு பிளாக். 17 பைட்டில் கேமின் பெயர் பத்து எழுத்துக்குள், வகை, நீளம் எல்லாம் அடக்கம். முன்னால் ஒரு அடையாள பைட், பின்னால் பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு செக்சம் பைட், ஆக 19.

அரை நிமிடத்துக்கு மேல் போகும் முதல் பெரிய கரகரப்பு பெரும்பாலும் ஏற்றத் திரை, அதாவது கேம் ஏறும்போது தெரியும் படம். அது 6,912 பைட். நிறமில்லாத படத்துக்கு 6,144, நிறத்துக்கு 768. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் பட்டியலில் இதைப் பார்த்ததும் "சரி, இதுவரை வந்துவிட்டது" என்று நிம்மதி வரும்.

மலிவுவிலை கேம்களில் நிறைய இந்த ரோம் முறையிலேயே இருக்கும். சிலவற்றில் சொந்த ஏற்றி (கேமை நினைவகத்தில் ஏற்றும் நிரல்) உண்டு. பைலட் வெட்டி வெட்டி வந்தாலோ, கரகரப்பு வழக்கத்தை விட உயர்ந்த சுருதியில் வேகமாக ஒலித்தாலோ அது டர்போ, அதாவது வேக ஏற்றி. முழுவிலைக்கு வந்து பின்னால் மலிவு வரிசையில் மறுவெளியீடு ஆனவற்றில் ஸ்பீட்லாக் போன்ற ஏற்றிகள் எதிர்ப்படும். இதை இப்போதே குறித்துக்கொண்டால், அடுத்த படியில் எந்தக் கருவி என்ற குழப்பம் இராது.

10. கோப்பாக மாற்றுங்கள், பிறகு ஒப்பிடுங்கள்

இரண்டு வகைக் கோப்பு உண்டு. டிஏபி கோப்பில் பைட்டுகள் மட்டும் இருக்கும், நேர விவரம் இல்லை. டிஇசட்எக்ஸ் கோப்பில் அலையின் நீளம், அமைதியின் நீளம் எல்லாம் இருக்கும். எப்போதும் டிஇசட்எக்ஸ்தான் எடுங்கள். அதிலிருந்து டிஏபி பிறகு எடுக்கலாம், திருப்பி எடுக்க முடியாது.

ரோம் முறைக் கேசட்டுக்கு, நகலில் தெளிவாக உள்ள சேனலை மட்டும் பிரித்து மோனோ வேவாக ஏற்றுமதி செய்து, டிஇசட்எக்ஸ் டூல்ஸில் உள்ள டிஇசட்எக்ஸ்வேவ் கட்டளையிடம் கொடுங்கள். அதன் பிறகு டிஇசட்எக்ஸ்எல்எஸ் கட்டளையை ஓட்டினால் பிளாக்குகளின் பட்டியல் வரும். தலைப்பு, தரவு, தலைப்பு, தரவு என்று இணை இணையாக இருக்க வேண்டும். தலைப்பில் சொன்ன நீளமும் அடுத்து வரும் தரவின் நீளமும் ஒத்துப்போக வேண்டும். கடைசித் தரவு மட்டும் தலைப்பில்லாமல் தனியே நின்றால் பயப்படாதீர்கள், பல கேம்கள் முக்கியத் தரவைத் தலைப்பில்லாமலேயே ஏற்றும்.

டர்போ ஏற்றிக்கு டிஇசட்எக்ஸ்வேவ் உதவாது. ராம்சாஃப்டின் மேக்டிஇசட்எக்ஸ் பல ஏற்றிகளை அடையாளம் காணும். பழைய நிரல், ஆனால் இந்த வேலைக்கு இன்னும் நல்ல கருவி.

இப்போது முக்கியமான இடம். எல்லா பிளாக்கிலும் செக்சம் சரி என்று வந்ததும் புதியவர்கள் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஸ்பெக்ட்ரத்தின் செக்சம் ஒரே ஒரு பைட். எல்லா பைட்டையும் எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கில் சேர்த்து வரும் விடை, அவ்வளவுதான். ஒரு பிளாக்கில் ஒரே பிட் இடத்தில் இரண்டு தவறு வந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், செக்சம் சரி என்றே காட்டும். 40,000 பைட்டுக்கு ஒரு பைட் காவல் போதாது.

அதனால்தான் இரண்டு முறை பதியச் சொன்னேன். இரண்டு பதிவையும் தனித்தனியே மாற்றி, பிளாக்குகளைப் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். இரு பதிவும் ஒன்றாக வந்தால் நம்பலாம். இரண்டு பக்கத்திலும் ஒரே கேம் இருந்து, பக்கம் ஒன்றும் பக்கம் இரண்டும் ஒத்துப்போனால் முழுமையாகவே நம்பலாம், அவை நாடாவின் வேறு வேறு இடங்கள்.

11. ஒரு பிளாக் மட்டும் தவறினால்

முதல் வேலை, மற்ற சேனலை முயலுங்கள். ஆச்சரியப்படும் அளவுக்கு இது பலிக்கும்.

அடுத்து, மறு பக்கத்தின் அதே பிளாக். பக்கம் ஒன்றில் திரை நன்றாக இருந்து, பக்கம் இரண்டில் கேம் தரவு நன்றாக இருந்தால், நல்லவற்றை மட்டும் சேர்த்து ஒரே கோப்பாக்கலாம். டிஇசட்எக்ஸ் டூல்ஸில் உள்ள கட்டிங், இணைக்கும் கட்டளைகள் அதற்காகவே இருக்கின்றன.

அப்படியும் வரவில்லை என்றால் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தில் அலை சுருங்கிக் கோடுபோல் ஆகியிருக்கும். நாடாவின் பூச்சு உதிர்ந்த இடம் அது. அங்கே ஓர் அலை தொலைந்தால், அதற்கு அப்புறம் வரும் அத்தனை பிட்டும் ஓரிடம் தள்ளிப்போகும். ஒரு சின்னப் புள்ளி முழு பிளாக்கையும் கெடுப்பது இப்படித்தான். நகலில் அந்தச் சிறு பகுதியை மட்டும் தேர்ந்து ஒலியைக் கூட்டிப் பாருங்கள். அலை மங்கியிருந்தால் மீளும், அடியோடு போயிருந்தால் மீளாது. முழுப் பதிவுக்கும் ஒலியைக் கூட்டுவதில் பயனில்லை.

அலை பூஜ்யக் கோட்டுக்கு மேலேயே மிதந்தால், ஆடாசிட்டியின் நார்மலைஸ் பெட்டியில் டிசி ஆஃப்செட்டை நீக்கும் தேர்வை மட்டும் போடுங்கள். சொந்த ஏற்றி உள்ள கேம் எதற்கும் மசியவில்லை என்றால் இன்வர்ட் கொடுத்து அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். சில டெக்குகள் அலையைப் புரட்டியே வெளியே அனுப்பும். ரோம் ஏற்றிக்கு அது பொருட்டில்லை, சில சொந்த ஏற்றிகளுக்குப் பொருட்டு.

இவை எதுவும் பலிக்காவிட்டால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள். மென்பொருளில் இன்னொரு மணி நேரம் போடுவதை விட ஸ்க்ரூவில் பத்து நிமிடம் போடுவது மேல்.

12. ஃபியூஸில் ஏற்றி விளையாடிப் பாருங்கள்

ஃபியூஸில் இயந்திரத்தை 48கே என்று வையுங்கள். அமைப்புகளில் "டேப் டிராப்ஸ்", "ஃபாஸ்ட்லோடிங்" இரண்டையும் அணையுங்கள். அவை இருந்தால் எமுலேட்டர் ரோம் பிளாக்குகளைக் குறுக்கு வழியில் விழுங்கிவிடும், உங்கள் கோப்பின் நேர விவரம் சோதிக்கப்படாது.

ஜே விசையை அழுத்தினால் லோட் என்ற சொல் முழுதாக வரும். அது பழுது கிடையாது, ஸ்பெக்ட்ரத்தின் விசைப்பலகை அப்படித்தான். சிம்பல் ஷிஃப்டோடு பி இரண்டு முறை, மேற்கோள் குறிகள் வரும். எண்டர் தட்டிவிட்டு டேப்பை ஓட்டுங்கள்.

ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் தடித்த கோடாக வந்தால் பைலட். நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடாக ஓடினால் தரவு. "ஆர் டேப் லோடிங் எரர்" என்று நின்றால் செக்சம் தப்பியது. செய்தியே இல்லாமல் இயந்திரம் தானே மறுதொடக்கம் ஆனால், பெரும்பாலும் தரவு ஏறிவிட்டது, உள்ளே ஏதோ ஒரு பைட் தவறு.

ஒரு 48கே கேம் ரோம் வேகத்தில் ஏற ஐந்து நிமிடம் பிடிக்கும். பொறுமையாக இருங்கள்.

ஏறியதும் முதல் திரையைப் பார்த்து மூடிவிடாதீர்கள். பல ஆர்கேட் கேம்களில் பிந்தைய நிலைகளின் படமும் வரைபடமும் தரவின் கடைசிப் பகுதியில் இருக்கும். ஃபயர்பேர்டின் "த்ரஸ்ட்" என்றால் நாலைந்து கிரகமாவது தாண்டிப் பாருங்கள். மாஸ்டர்டிரானிக்கின் "ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்" என்றால் முடிந்த வரை எல்லா அறைக்கும் போய் வாருங்கள். ஒரு அறையில் மட்டும் படம் சிதறித் தெரிந்தால் பத்தாவது படியின் ஒப்பீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

13. பெயர், படம், பெட்டி

கோப்பின் பெயரில் கேமின் பெயர், வெளியீட்டு லேபிள், ஆண்டு, பக்கம் நான்கும் இருக்கட்டும். லேபிளை விட்டுவிடாதீர்கள். ஒரே கேம் முழுவிலையில் ஒன்றாகவும் மலிவு வரிசையில் இன்னொன்றாகவும் வந்திருக்கும், உள்ளே ஏற்றி வேறாக இருக்கலாம். பெயர் மட்டும் இருந்தால் பின்னால் எது எது என்று உங்களுக்கே தெரியாது.

அட்டைத் தாளை விரித்து இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். கட்டுப்பாட்டு விசைகள் பல கேம்களில் அங்கே மட்டும்தான் அச்சாகியிருக்கும். கேசட்டின் மேல் உள்ள எண்ணையும் தட்டச்சு செய்து வையுங்கள்.

மூல வேவ் அல்லது ஃபிளாக் கோப்பை அழிக்காதீர்கள். நாளை இன்னும் நல்ல மாற்றும் கருவி வரலாம், நாடா அப்போது இருக்குமா என்பது சந்தேகம். கேமின் உரிமை இன்னும் யாரோ ஒருவரிடம் இருக்கும், அதனால் இந்தக் கோப்புகள் உங்கள் கேசட்டுக்கான காப்பாக உங்களிடமே இருக்கட்டும்.

கடைசியாகக் கேசட். வேகமாகச் சுற்றிய நிலையில் வைக்காதீர்கள், சுருள் ஏறுமாறாக இருக்கும். சாதாரண வேகத்தில் கடைசி வரை ஓடவிட்டு, அப்படியே எடுத்து, பெட்டிக்குள் நிற்கவைத்து, ஒலிபெருக்கிக்கும் வெயிலுக்கும் எட்டாத அலமாரியில் வையுங்கள்.